ஆட்டுக்குடல் தந்திக்கு மைக் வேண்டாம்

சென்ற ஞாயிறு மாலை, பாளையங்கோட்டையின் பழைய தேவாலயம் ஒன்றில், நம் ஊர்ப் பிள்ளைகள் நால்வர் பரோக் கால இசையை (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை) அக்காலத்து முறையில் அமைந்த கருவிகளிலேயே வாசித்தார்கள். வெளியே வரும்போது பலரும் சொன்ன குறை, சத்தம் போதவில்லை, அடுத்த முறை மைக் வைக்க வேண்டும் என்பது. அதை மட்டும் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்த வயலின்களிலும், அவற்றின் பெரிய உறவான செல்லோவிலும் கட்டியிருந்தவை ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த தந்திகள். சுருதி சேர்க்கும் ‘ஏ’ சுரத்தை இன்றைய வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து 415க்கு, நம் கணக்கில் அரைக்கட்டை, இறக்கியிருந்தார்கள். நாதம் சிறியதுதான், ஆனால் வில் தந்தியைத் தொடும் கணத்தில், பனையோலையில் நகம் பட்டாற்போல் ஒரு மெல்லிய உரசல் எழுந்து, அதற்குள்ளிருந்து சுரம் பிறப்பதைக் கேட்க முடிகிறது. முன்பொருமுறை இதே பிள்ளைகளை ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி வழியே கேட்டேன். உரசல் இரைச்சலாகி, இரண்டு வயலின்களும் ஒரே பெட்டிக்குள் கலந்து, எது யாருடைய குரல் என்றே தெரியாமல் போயிற்று. இவ்விசைக்கோ அந்த இரு குரல்களின் உரையாடல்தான் உயிர்.

அன்று வாசித்தவை இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி 1681இல் ரோமில் வெளியிட்ட மூவர் சொனாட்டாக்கள், அதாவது இரண்டு வயலின், ஒரு கீழ்க்குரல் என மூன்று குரல்களுக்கு எழுதிய கருவியிசை. ஆர்கன் துணையோடு வாசிக்க எழுதப்பட்டவை என்பதால், ஆர்கனுக்குப் பதில் கால்மிதி ஆர்மோனியம் வைத்தது எனக்கு உறுத்தவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து, ஆர்மோனியம் வாசித்த தம்பியின் தாளை எட்டிப் பார்த்தேன். கீழ்க்குரலுக்கு ஒரே ஒரு வரி, அதன்மேல் ஆறு, ஏழு என்று சில எண்கள், அவ்வளவுதான். அந்த எண்களைக் கொண்டு மேலே சேர வேண்டிய சுரக்கூட்டை வாசிப்பவரே அந்த நேரத்தில் அமைத்துக்கொள்கிறார். மனோதர்மத்தை மதிக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

ஐப்பசியின் ஈரக்காற்றில் குடல்தந்தி நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிச் சுருதி சேர்த்தார்கள்; பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மிருதங்கத்துக்குச் சுருதி சேரும்வரை பொறுத்திருக்கத் தெரிந்த ஊர் இது. இந்தப் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமையைத் தரலாம்.

அந்நிய இசை என்று சிலர் ஒதுங்குவதும் எனக்கு வருத்தமே. 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தின் அரண்மனையில்தான், வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஆஸ்தான வித்துவானாக இருந்தார். அன்றைய வயலினில் ஒலித்ததும் குடல்தந்திதான். அதைக் கேட்டவர்கள் மைக் இல்லாமல், அருகில் அமர்ந்தே கேட்டார்கள்.

அடுத்த நிகழ்ச்சியை எட்டயபுரத்தில் வைக்கும்படி பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். சின்னக் கூடமாக, நூறு பேருக்கு மேல் கொள்ளாத இடமாக யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வாசிக்கும் நேரம் மின்விசிறியை நிறுத்த அந்தக் கூடத்தார் சம்மதிக்க வேண்டும்.