வெளுத்த விளிம்பு தேய்மானம் அல்ல

சீனப் பேரரசர் காங்சி காலத்துச் சிவப்புப் பீங்கான் பூச்சாடியின் வாய் விளிம்பு வெளுத்திருப்பதற்குக் காரணம் நெடுநாள் புழக்கத்தின் தேய்மானம் என்று சீனப் பீங்கான் குறித்த கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். இது தவறு. செம்பு கலந்த கண்ணாடிப் பூச்சு சூளையில் உருகிக் கீழ்நோக்கி வழியும். விளிம்பில் மிஞ்சும் மெல்லிய படலத்தில் சிவப்பு நிற்பதில்லை. கீழே, பூச்சு தடித்துத் திரளும் இடத்தில் நிறம் இரத்தம்போல் அடர்ந்துவிடும். விரலால் தடவிப் பாருங்கள்: தேய்ந்த இடமாக இருந்தால் சொரசொரக்கும், இது வழவழவென்று இருக்கும்.

இந்தச் சிவப்பு லேசில் கிடைப்பதல்ல. சூளைக்குள் காற்று சற்றுக் கூடினாலும் செம்பு பச்சைக்குத் திரும்பிவிடும். 15ஆம் நூற்றாண்டின் ஷுவாந்த பேரரசர் காலத்துக்குப் பின் ஏறக்குறைய கைவிட்டுப்போன இந்த வித்தையை சீனாவின் பீங்கான் நகரான ஜிங்டெசென்னின் சூளைகள் மீட்டெடுத்ததை, 1705 முதல் 1712 வரை அந்நகர் உள்ள ஜியாங்ஷி மாகாணத்தின் ஆளுநராக இருந்த லாங் டிங்ஜியின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். கட்டுரையில் அவர் பெயரே இல்லை!

ஊதுநீலம் என்னும் நீல நிறச் சாடி வேலையையும் தூரிகை வேலை என்று எழுதியிருப்பது அடுத்த பிழை. மூங்கில் குழாயின் நுனியில் மெல்லிய துணி கட்டி, நீலம் தரும் கோபால்ட் பொடியைச் சாடியின்மேல் வாயால் ஊதுவார்கள். அதன்மேல்தான் நிறமற்ற பூச்சு. உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். தூரிகைக்கு அது வராது.