வழி தெரிந்தவர் அந்தக் கப்பலிலேயே இருந்தார்
'இந்தியாவுக்குக் கடல்வழியை வாஸ்கோ ட காமா கண்டுபிடித்தார்' என்ற வரிதான் எனக்கு இடிக்கிறது. ஆப்பிரிக்காவைச் சுற்றி அதன் கிழக்குக் கரையில் உள்ள மாலிந்தி துறைமுகம் வரை வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை (அதிலும் நன்னம்பிக்கை முனையை 1488லேயே இன்னொரு போர்ச்சுக்கீசிய மாலுமி டயஸ் தாண்டிவிட்டார்). ஆனால் மாலிந்தியிலிருந்து இந்தப் பக்கம் வந்தது, அந்த ஊர் அரசர் கொடுத்தனுப்பிய மாலுமியின் தயவில். 1498 ஏப்ரல் 24 கிளம்பினார்கள், 23 நாளில் மலபார் மலைகள் தெரிந்துவிட்டன. அந்த மாலுமி இபின் மஜீத் என்ற புகழ்பெற்ற அரபு மாலுமிதான் என்று சிலர் சொல்வதுண்டு. அது பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஓர் அரபு நூலால் பரவிய கதை, போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர்கள் சொல்வது ஒரு குஜராத்தியை. சரி, திரும்பும்போது என்ன ஆனது? பருவக்காற்று திசை திரும்பும்வரை பொறுக்காமல் அக்டோபர் 5 கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவிலிருந்து பாய் விரித்தார்கள். அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம்! ஈறு வீங்கிப் பல்லை மூடி, சாப்பிட முடியாமல் 30 பேர் செத்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் ஒரு கப்பலைக் கொளுத்தவே வேண்டியதாயிற்று. இன்னொரு கூத்து, கோழிக்கோட்டில் முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டவர்கள் துனிஸ் நகரத்துக்காரர்கள் இருவர். 'எந்தப் பிசாசு உன்னை இங்கே கொண்டுவந்தது?' என்று அவன் புரிந்துகொள்ளும் ஸ்பானிய மொழியிலேயே கேட்டிருக்கிறார்கள். காமா 'கண்டுபிடித்த' ஊரில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கப்பாடு கடற்கரைக்குப் போயிருந்தபோது, காமா இங்கே இறங்கினார், 1498 என்று பொறித்த கல்லைப் பார்த்தேன். வழிகாட்டிய அந்த மாலுமியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.