கூட்டம் வராதது மலையின் குற்றமா?

சரித்திர நாவலாசிரியர்கள் நீலகிரிக்கு வந்து பேசினால் கையெழுத்து வாங்கக்கூட ஆளிருக்காது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மழைக்காலத்தில் மாலை 6 மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) எப்படித் திரும்புவது? கோத்தகிரியில் ஞாயிறு காலை நடந்த ஒரு கூட்டத்தில் நிற்கவும் இடமில்லை. அங்கே பேசிய எழுத்தாளரின் சரித்திர நாவலில் 1819இல் மலையேறும் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து வியக்கிறார். கம்பளித் தொப்பியணிந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "அப்போது இங்கே ஏது ஐயா தேயிலை? அது பிறகல்லவா வந்தது!" என்று கேட்டுவிட்டார். எழுத்தாளர் அசடு வழியச் சிரித்து, பெரியவர் நீட்டிய பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டு அதன் ஓரத்திலேயே கையெழுத்திட்டார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் சொல்வதுபோல இலவசத் தேநீருக்குக் கூடிய கூட்டமா இது? கொண்டுவந்த புத்தகங்கள் மதியத்துக்குள் தீர்ந்து, எனக்கே ஒரு பிரதி கிடைக்கவில்லை.