வின்ஃபீல்ட் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடவில்லை
ஒருவர், அமெரிக்க பேஸ்பால் வீரர் டேவ் வின்ஃபீல்ட் கல்லூரியில் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து என மூன்று விளையாட்டுகளிலும் கொடிகட்டிப் பறந்தார், பிறகு 22 ஆண்டுகள் இடைவெளியே இல்லாமல் பேஸ்பால் ஆடினார் என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே பாதி உண்மைதான்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் ஆடியது பேஸ்பாலும் கூடைப்பந்தும் மட்டுமே. 1973-இல் அமெரிக்கக் கால்பந்து அணியான மினசோட்டா வைக்கிங்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்ததால் வந்த குழப்பம் இது. ஆறரை அடி உயரத்தையும் உடல்வாகையும் பார்த்துச் சும்மா கல் எறிந்து பார்த்தார்கள்!

அப்போது அவர் பந்து வீச்சாளர் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு கல்லூரி உலகத் தொடரில் (கல்லூரி அணிகளுக்கான பேஸ்பால் போட்டி) தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக 15 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மினசோட்டா 7-0 என்று முன்னிலையில் இருந்தது. கடைசியில் 8-7 என்று தோற்றார்கள். வயிற்றெரிச்சல்தான்.

சான் டியேகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணி அவரைக் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகுக்கே அனுப்பாமல் நேராக உச்சநிலையான மேஜர் லீகில் இறக்கியது, அதுவும் மட்டையாளராக.

சரி, இடைவெளி விஷயம். முதுகு அறுவை சிகிச்சையால் 1989 முழுவதும் அவர் களத்திலேயே இல்லை. 1973 முதல் 1995 வரை எண்ணினால் 23 வருகிறதே, ஆடியது 22 என்கிறார்களே, அது இதனால்தான். அந்த முதுகோடு திரும்பி வந்துதான் மேஜர் லீகின் இறுதித் தொடரான 1992 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 11-வது இன்னிங்ஸில், அப்போதைய தன் அணியான டொரண்டோவுக்கு இரண்டு ரன் தந்த அந்த டபுளை (அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) அடித்தார். அப்போது வயது 41.