சொந்தக் கோயில், சொந்த விடுதி, சொந்த நூல்: விக்கிப்பீடியாவில் எங்கே நிற்க வேண்டும்?

குடமுழுக்குக்கு நாள் குறித்ததும், அழைப்பிதழ் அடிப்பதோடு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. திருப்பணிக் குழுவில் கணினி தெரிந்த பையனைக் கூப்பிட்டு, “விக்கிப்பீடியாவுல நம்ம கோயில் பக்கத்தைக் கொஞ்சம் சரி பண்ணுப்பா” என்கிறார்கள். அவரும் நல்ல மனதோடுதான் உட்காருகிறார். தலவரலாற்றுப் புத்தகத்தை அப்படியே தட்டச்சிடுகிறார், உபயதாரர் பெயர்களைச் சேர்க்கிறார், நிர்வாகத்தைக் குறைசொல்லும் பத்தியை எடுத்துவிடுகிறார். மறுநாள் எல்லாம் பழையபடி மீட்கப்பட்டிருக்கும், அவருடைய பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்ற தொகுப்பாளர்கள் அவரோடு பேசும் பக்கத்தில், ‘நலமுரண்’ (conflict of interest) என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கும். “எங்க கோயிலைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?” என்ற கோபம் அங்கே தொடங்குகிறது.

தெரியும்தான். யாரும் அதை மறுக்கவில்லை. நலமுரண் என்று சொன்னால் நேர்மையில்லாதவர் என்று பொருள் இல்லை. கட்டுரை எப்படி இருந்தால் உங்களுக்கு ஆதாயம் என்ற கேள்விக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது, அவ்வளவுதான். அது சம்பளமாக இருக்கலாம், பதவியாக, சொத்தாக, விற்பனையில் இருக்கும் நூலாக இருக்கலாம். அறங்காவலர், நிர்வாக அலுவலர், திருப்பணி ஒப்பந்ததாரர், செட்டிநாட்டு வீட்டை விடுதியாக மாற்றியவர், கட்டணம் வாங்கி மரபு நடை நடத்துபவர், ஜமீன் வாரிசு, ஊர் வரலாற்றைத் தானே அச்சிட்டு விற்பவர் எல்லோரும் இதில் வருவார்கள். நிறுவனத்துக்காக எழுதும் பயிற்சி மாணவரும் வருவார், உதவித்தொகை வாங்காவிட்டாலும் கூட.

பக்தரும் ஊர்க்காரரும் இதில் சேர மாட்டார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை வந்தால் ‘நலமுரண்’ என்ற சொல்லை எதிராளி மேல் வீசும் பழக்கம் நம் தொகுப்பாளர்களிடமே இருக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் ‘மராத்தா இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளில் ஒன்றாக உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பெயரில் மனத்தாங்கல் கொண்ட செஞ்சிக்காரருக்கு இருப்பது ஊர்ப் பற்று. அது கட்டுரையைச் சாய்த்தால் நடுநிலை விதியைக் காட்டித் திருத்தலாம். ஆனால் அவர் எழுதவே கூடாது என்று தடுக்க முடியாது.

என் நிலைப்பாடு இதுதான்: ஆதாயத் தொடர்பு உள்ளவர் கட்டுரையில் வாக்கியம் எழுத வேண்டாம், ஆவணம் தரட்டும். வாக்கியம் எழுத வேறு ஆள் கிடைப்பார்கள். திருப்பணிக்கு முன் எடுத்த படமும், தரைத்தள வரைபடமும், பழைய அளவைக் குறிப்பும் அவரைத் தவிர யாரிடமும் கிடைக்காது.

உள்ளே இருப்பவர் வாக்கியம் எழுதினால் எங்கெங்கே பிசகுகிறது? முதலில் காலம். ‘2000 ஆண்டுப் பழமை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தேவாரப் பாடல் பெற்றது ஏழாம் நூற்றாண்டில் என்பது ஒரு செய்தி. இப்போது நிற்கும் கற்றளி எந்தக் காலத்துக் கட்டுமானம் என்பது வேறு செய்தி. அங்கே கிடைத்த மிகப் பழைய கல்வெட்டின் ஆண்டு மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாக, தனித்தனிச் சான்றோடு எழுத வேண்டும். தலபுராணத்தைத் தள்ள வேண்டியதில்லை, ‘தலபுராணத்தின்படி’ என்று தொடங்கினால் போதும். கோயிலோடு தொடர்பில்லாத தொகுப்பாளர் இதை எளிதாகச் செய்துவிடுவார். அறங்காவலருக்குக் கை வராது, பழமையைக் குறைத்தது நீதானே என்று ஊரில் கேட்பார்கள்.

அடுத்தது யுனெஸ்கோ. திருவரங்கம் அரங்கநாதர் கோயில் 2014இல் உலக மரபுக்கான உத்தேசப் பட்டியலில், அதாவது பின்னால் பரிந்துரைக்கலாம் என்று நாடு குறித்துவைக்கும் பட்டியலில், சேர்ந்தது. 2017இல் புனரமைப்புப் பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. இரண்டும் பெருமைதான், ஆனால் இரண்டுமே உலக மரபுச் சின்னம் என்ற தகுதி அல்ல. அந்தத் தகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987இலும், கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் தாராசுரத்துக்கும் 2004இலும் கிடைத்தது. செட்டிநாட்டு ஊர்களும் 2014 முதல் உத்தேசப் பட்டியலில்தான் இருக்கின்றன. ‘உத்தேச’ என்ற சொல்லை விட்டுவிட்டால் அறை வாடகையை ஏற்றலாம் என்ற நிலையில் இருப்பவர் கையில் அந்த வரியை விடலாமா?

தொடர்பை வெளியே சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஜிப்ரால்டர் விவகாரம் பாடம். 2012இல் வேல்ஸின் மான்மத் நகரில் கட்டடங்களில் கியூஆர் பலகை வைத்து விக்கிப்பீடியாக் கட்டுரைகளோடு இணைத்தார்கள். திட்டம் பேர் வாங்கியது. ஜிப்ரால்டர் அரசு சுற்றுலாவுக்காக அதே மாதிரியைக் கேட்டது. அதற்குக் கட்டணம் பெற்ற ஆலோசகராக இருந்தவர் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பிரித்தானியக் கிளை அறங்காவலர்களில் ஒருவர். அந்த ஆகஸ்டில் மட்டும் ஆங்கில விக்கிப்பீடியா முதற்பக்கத்தின் ‘உங்களுக்குத் தெரியுமா’ பகுதியில் ஜிப்ரால்டர் 17 முறை வந்தது. செப்டம்பரில் விவகாரம் வெடித்து, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் தன் தொடர்பை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் வரும் இடத்திலும், எது முன்னுக்கு வரும் என்பதில் செல்வாக்கு உள்ள இடத்திலும் ஒரே ஆள் இருந்ததால்தான் சிக்கல். கட்டுரைகளில் பிழை இருந்ததோ இல்லையோ, வாசகருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2010இல், பிரித்தானிய அருங்காட்சியகம் வேறு வழியில் போனது. ஒரு விக்கிப்பீடியரை ஐந்து வாரம் உள்ளே அழைத்துக்கொண்டது. காப்பாட்சியர்கள் நூலகத்தைத் திறந்துவிட்டார்கள், கேட்டதற்கு விளக்கம் சொன்னார்கள். எழுதியது தன்னார்வலர்கள். இங்கிலாந்தில் கிடைத்த ரோமானியக் காலத்து ஹாக்ஸ்ன் புதையல் பற்றிய கட்டுரை அப்படித்தான் வளர்ந்து சிறப்புக் கட்டுரைத் தகுதி பெற்றது. நம் அருங்காட்சியகங்களும் ஆதீன நூலகங்களும் பின்பற்ற வேண்டியது இந்த வழியைத்தான்.

இனி நடைமுறை. கணக்கு ஒருவர் பெயரில் ஒன்று. ‘இன்ன கோயில் நிர்வாகம்’ என்று பெயர் வைத்து நாலு பேர் மாறி மாறிப் பயன்படுத்தினால் தடை வரும். பயனர் பக்கத்தில் மூன்று செய்தி எழுதுங்கள்: யாரிடம் வேலை, யாருக்காக எழுதுகிறீர்கள், வேறு என்ன தொடர்பு. பணம் பெற்று எழுதுவோர் இதை வெளியிட வேண்டும் என்பது 2014 ஜூன் முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. இதில் விருப்பத்துக்கு இடமில்லை. பணம் பெறாத அறங்காவலரும் அதையே செய்வது நல்லது.

பிறகு கட்டுரையைத் தொடாமல் அதன் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். ஒரு வேண்டுகோளில் ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள். எந்தப் பிரிவு, எந்த வரி, இப்போது என்ன இருக்கிறது, என்னவாக மாற வேண்டும், சான்று என்ன, உங்கள் தொடர்பு என்ன. இந்த ஆறும் இருந்தால் படிப்பவர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடலாம். ‘கட்டுரை முழுக்கத் தப்பு, சரி செய்யவும்’ என்று எழுதினால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தமிழில் செயல்படும் தொகுப்பாளர்கள் குறைவு. அதனால் கட்டுரையின் தொகுப்பு வரலாற்றுப் பக்கத்தில் அண்மையில் யார் தொகுத்தார் என்று பார்த்து அவர் பேச்சுப் பக்கத்தில் தெரிவியுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ‘ஆலமரத்தடி’யில் கேளுங்கள்.

எழுத்துப்பிழை, செத்துப்போன இணைப்பு, விஷமத் தொகுப்பு ஆகியவற்றை நீங்களே திருத்தலாம். உயிரோடு இருப்பவர் மீது சான்றில்லாமல் எழுதிய அவதூறை உடனே நீக்கலாம். சான்றோடு இருக்கும் விமர்சனம் வேறு. சுவரைச் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சியதால் கல்வெட்டு எழுத்து மழுங்கியது என்று ஒரு நாளிதழ் எழுதியிருந்து, உங்களிடம் மறுப்பு இருந்தால், அந்த மறுப்பும் எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். அதைச் சான்றாகக் காட்டிப் பக்கத்திலேயே சேர்க்கக் கேளுங்கள். பத்தியை எடுத்தால் தொகுப்பு வரலாற்றில் உங்கள் பெயரோடு அது நிரந்தரமாகப் பதிவாகும்.

சான்று என்று எதைத் தரலாம்? கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன, எண்ணும் ஆண்டும் சொன்னால் போதும். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நூல்வரிசை என்றால் தொகுதி, எண். சுவரில் நீங்களே படித்த புதுக் கல்வெட்டை நேரே கட்டுரையில் போட முடியாது, அது சொந்த ஆய்வு, எங்கும் வெளிவராத ஆய்வுக்கு விக்கிப்பீடியாவில் இடமில்லை. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் போன்ற ஓரிடத்தில் அச்சான பிறகு மேற்கோள் காட்டலாம். செய்தித்தாள் துணுக்கைத் தரும்போது அதன் தேதியைக் கட்டுரையின் பழைய பதிப்போடு ஒப்பிடுங்கள். விக்கிப்பீடியாவில் இருந்த வரியை நாளிதழ் எடுத்து, அந்த நாளிதழையே பிறகு சான்றாக வைக்கும் சுழல் கோயில் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கிறது.

படங்களை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் (Commons) நீங்களே ஏற்றலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்தபின் யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதை முன்பே குழுவில் சொல்லிவிடுங்கள். வேறொருவருக்கு உரிமையுள்ள படமென்றால் அவரே மின்னஞ்சலில் அனுமதி தர வேண்டும். விடுதியின் பெயரைப் படத்தின் மேல் பொறிக்காதீர்கள். உங்கள் இணையதள உரையை நீங்களே ஒட்டினாலும் பதிப்புரிமை மீறல் என்றுதான் நீக்குவார்கள். அங்கே கட்டற்ற உரிமம் என்ற குறிப்பு இருந்தால்தான் அது நிற்கும்.

பணம் கொடுத்தால் பக்கம் போட்டுத் தருகிறோம், நீக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று போன் வந்தால் எடுத்த எடுப்பில் மறுத்துவிடுங்கள். இப்படி மிரட்டிப் பணம் பறித்த கும்பலின் 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா 2015இல் ஒரே வீச்சில் தடை செய்தது.

தொகுப்பாளர் நண்பர்களுக்கும் ஒன்று. தொடர்பைச் சொல்லிவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் காத்திருப்பவரை விளம்பரக்காரர் என்று விரட்டினால், அடுத்த முறை அவர் வேறு பெயரில் வந்து சொல்லாமல் தொகுப்பார். சான்று சரியாக இருந்தால் அன்றே சேர்த்துவிடுங்கள். மறுப்பதானால் எந்தச் சான்று போதவில்லை என்று ஒரு வரியாவது எழுதுங்கள், அவர் அதைத் தேடிக் கொண்டுவருவார்.