பாட்டிக்கு ஆடு தெரியும், பஸ் போர்டுதான் தெரியாது

முதியோர் வகுப்பு என்றதும் முகநூலில் சுற்றும் படம் ஒன்று உண்டு. குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் அறுபது வயது அம்மா ஒருவர் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். கரும்பலகையில் "அ - அம்மா, ஆ - ஆடு". மேலே "படிப்புக்கு வயதில்லை" என்று ஒரு வரி. லைக் குவியும். எனக்கோ எரிச்சல்தான் வரும். நாலு பிள்ளை பெற்று வளர்த்து, ஆடு மேய்த்து, அந்த ஆட்டை வியாபாரியிடம் பேரம் பேசி விற்ற பெண்ணுக்கு "ஆ - ஆடு" என்று ராகம் போட்டுச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

மாலை வகுப்புகளில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: பெரியவர்கள் பாதியில் நின்றுபோவதற்கு "வயசாயிடுச்சு, மண்டையில ஏறல" என்பது காரணமே இல்லை. இன்றைக்குப் படித்தது நாளைக் காலையில் எதற்காவது உதவுகிறதா என்று பார்ப்பார்கள். உதவினால் வருவார்கள். இல்லையென்றால் சீரியல் பார்க்கப் போய்விடுவார்கள். அதில் தப்பும் இல்லை.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சிக் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும், வெள்ளெழுத்து வரும். படித்தவர்கள் கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிவிடுவோம். எழுத்தே பார்க்காதவருக்குத் தன் பார்வை மங்கியது எப்படித் தெரியும்? ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். அவர் முன்னால் பொடி எழுத்துப் புத்தகத்தை வைத்து, ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் "படிம்மா" என்றால் என்ன செய்வார்? எங்கள் வகுப்பில் "எனக்கு வராது தம்பி" என்று ஒதுங்கியே உட்கார்ந்த ஓர் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியை மாட்டிவிட்டோம். புத்தகத்தைத் தூரத்தில் பிடிப்பதும் கிட்டத்தில் கொண்டுவருவதுமாகக் கொஞ்ச நேரம் விளையாடினார். அப்புறம், "இதுல இத்தனை புள்ளி இருக்கா?" என்றார். அதுவரை மெய்யெழுத்தின் புள்ளியே அவர் கண்ணுக்குப் பட்டதில்லை.

அடுத்தது எழுத்து வரிசை. அகரவரிசை அகராதி பார்க்க நல்லது. ஆனால் களை வெட்டிக் காய்த்துப்போன விரலுக்கு 'அ' ஒரு கொடுமை. அத்தனை வளைவு, அத்தனை சுழி. 'ட' போடச் சொல்லிப் பாருங்கள். நெட்டுக்கு ஒரு கோடு, படுக்கைக்கு ஒரு கோடு. 'ப'வுக்கு இன்னொரு கோடு. அதோடு ஒரு புள்ளியும் ஒரு காலும் சேர்ந்தால் 'பட்டா' வந்துவிடும். முதல் நாளே பட்டா! உடனே வகுப்பில் பேச்சு கிளம்பும்: யார் வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்கிறது, மாமனார் பேரிலிருந்து மாற்ற எத்தனை தடவை அலைந்தார்கள் என்று. அந்தப் பேச்சை அடக்கிவிட்டுப் பாடத்துக்குப் போகக் கூடாது. அந்தப் பேச்சுதான் பாடம்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கே அஞ்சிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது இந்த வழியில்தான். அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைப் பொறுக்கி, செங்கல் என்ற சொல்லை நடுவில் வைத்து, செங்கல் அறுப்பது யார், அதில் கட்டிய வீட்டில் குடியிருப்பது யார் என்று பேசிக்கொண்டே எழுத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சிறையில் போட்டது, பிறகு அவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. எழுத்தோடு கேள்வியும் வந்துவிடும் என்பது ஆட்சியாளர்களுக்குச் சரியாகவே புரிந்திருக்கிறது.

நம் ஊர்க் கதையும் குறைந்ததல்ல. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். வகுப்புக்கு வந்த பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தின் வேலையாகச் சேர்த்துக்கொண்டார்கள். குவாரியில் கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் சைக்கிள் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். சீட்டுக்கு முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேலி செய்தவர்கள் உண்டு. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆன பெண் வகுப்புக்கு வராமல் எங்கே போவாள்?

இன்றைக்கு அந்த இடத்தில் பஸ் இருக்கிறது. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் தனியாக மதுரைக்குப் போய் வருவது கூடியிருக்கிறது. மதுரையில் நின்று போர்டைப் பாருங்கள்: திருப்புவனம், திருமங்கலம், திருப்பரங்குன்றம். முதல் எழுத்தை அடையாளம் வைத்து ஏறுகிறவருக்கு எல்லாம் ஒரே 'தி'தான். அதனால் நாங்கள் பெயர்களைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். 'வனம்', 'கலம்', 'குன்றம்'. இலக்கணம் படித்த நண்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை போலும்.

இன்னொன்று, எழுதுவதற்கு முன்னால் படிக்கட்டும். குழந்தைக்கு எழுத நேரம் கிடக்கிறது. பெரியவருக்கு அன்றாடம் தேவைப்படுவது படிப்பதுதான்: போர்டு, பாஸ்புக், ரேஷன் கடைப் பலகை, பேரன் பள்ளியிலிருந்து வரும் மெசேஜ். ஆனால் நம் வகுப்புகளில் முதல் வேலை கையெழுத்துப் போடப் பழக்குவது. கைநாட்டு ஒழிந்தது என்று கணக்குக் காட்ட அதுதான் சுலபம். தன் பெயரைத் தவிர வேறு எதையும் படிக்கத் தெரியாதவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது கைநாட்டைவிட ஆபத்து. "படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்று நாளைக்கு அவர்மேலேயே திருப்புவார்கள்.

கணக்கில் நாம் செய்யும் கூத்து தனி. பூக்கட்டும் அக்காவிடம் மூன்றரை முழம் எவ்வளவு என்று கேட்டால், முழம் இருபது என்றால் எழுபது என்று வாய் மூடுவதற்குள் சொல்வார். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் பத்தாயிரத்துக்கு மாதம் இருநூறு என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். அவரையே 27ம் 48ம் சிலேட்டில் எழுதிக் கூட்டச் சொன்னால் திணறுவார். மனசுக்குள் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "அம்பதா வச்சுக்க, இருபத்தேழு சேத்தா எழுபத்தேழு. ரெண்டு கூட வச்சோம்ல, அது போனா எழுபத்தஞ்சு." இதைவிட நல்ல வழி எது? அதை அப்படியே எழுதக் கற்றுக்கொடுத்தால் போதும். நாம் என்ன செய்கிறோம் என்றால், அவருக்குத் தெரிந்ததை அழித்துவிட்டு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022இலிருந்து 2027 வரை. தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது, அது இருக்கட்டும். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. படிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. தேர்வு முடிந்த மறுநாள் அவர் கையில் படிக்க என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை. பெரிய எழுத்தில், பெரியவர்களுக்கான விஷயத்தோடு வரும் புத்தகம் ஊர் நூலகத்தில் எத்தனை இருக்கும்? புழங்காத எழுத்து சில மாதத்தில் மறந்துபோகும். "வாய்ஸ் மெசேஜ் இருக்கே, எழுத்து எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: மாத்திரை அட்டை பேசாது, பேங்க்காரன் அனுப்பும் மெசேஜும் பேசாது.

ஆண்களைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று கேட்பீர்கள். அவர்கள் வருவதில்லை, வெட்கம். பெண்களோடு ஒன்றாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டுவதைவிடத் தெரியாமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் நடந்தது. சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். அது இங்கே பலருக்கு இன்னும் தெரியாது. டீக்கடையில் அதைச் சொல்லி, எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுக்கும்போது கேட்கும் சாலைக் குறியீடுகளையும் கேள்விகளையும் படித்துப் பழகலாம் என்றோம். டீக்கடை பெஞ்சிலேயே வகுப்பு, ராத்திரி எட்டு மணிக்கு மேல். வந்தார்கள். சிலேட்டை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை, எல்லாம் போனில்தான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.