"450 போடு, தீர்ந்தது" என்பது பதில் அல்ல

நம் கார்க் குழுவில் அந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் பதிவின் கீழ் நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போன படத்தைப் போட்டு, "எங்கே தவறு நடந்தது, அண்ணன்மார்களே?" என்று அந்தத் தம்பி கேட்டிருந்தார். வந்த பதில்களில் முக்கால்வாசி ஒரே பதில்தான். "255 பம்ப் வைத்தால் இப்படித்தான் ஆகும். 450 போடு, தீர்ந்தது." 255, 450 என்பவை, டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்கள். மீதி கால்வாசி அவருடைய மெக்கானிக்கைத் திட்டியது. நான் கேட்டது ஒரே கேள்வி: முழு பூஸ்ட்டில் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தில்) ஓடும்போது பம்பின் முனையில் வோல்டேஜ் எவ்வளவு இருந்தது? அதற்கு எனக்கு "வோல்டேஜ் அண்ணன்" என்று பெயர் வைத்தார்கள். சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டார்கள். தம்பி அன்று இரவே பதிவை நீக்கிவிட்டார்.

எனக்குப் பெயர் வைத்ததை விட்டுவிடுகிறேன். பதிவு போய்விட்டதுதான் எரிச்சலாக இருக்கிறது. அதனால் அங்கே எழுத நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லிட்டரைப் பார்த்து டேங்குக்குள் வைக்கும் பம்பை வாங்கக் கூடாது. உங்கள் காரில் அது எந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளப் போகிறது, அதற்கு எவ்வளவு வோல்டேஜ் போய்ச் சேரப் போகிறது, அந்த இரண்டும் இருக்கும்போது மணிக்கு எத்தனை லிட்டர் தரும், இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 255 என்ற எண் ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 13.5 வோல்ட் கொடுத்து அளந்த எண். அந்த நிலை உங்கள் காரில் இல்லையென்றால் அந்த எண்ணும் உங்கள் காரில் இல்லை.

2004 இல் இங்கே வந்த அந்த ஆர்எஸ் காரையே எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் டர்போ, கம்பெனியில் இருந்து வரும்போது 150 குதிரைத்திறன். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரிசையில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் 3 பார் ரெகுலேட்டர். பூஸ்ட் ஏற ஏற ரெகுலேட்டரும் அதே அளவுக்கு எரிபொருள் அழுத்தத்தை ஏற்றும். ஏற்றாவிட்டால் இன்ஜெக்டருக்கு வெளியே நிற்கும் காற்றழுத்தம் பெட்ரோலை உள்ளே விடாது. ஆக 1.5 பார் பூஸ்ட் வைத்தால் பம்ப் தள்ள வேண்டியது 4.5 பார், அதாவது சுமார் 65 பிஎஸ்ஐ. 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 255 லிட்டர் தந்த பம்ப் 65 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதைத் தராது. எவ்வளவு குறையும் என்பதைப் பெயர் பெற்ற பம்ப் நிறுவனங்கள் கோட்டுப் படமாகவே வெளியிட்டிருக்கின்றன. அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னூட்டம் போட்டவர் அந்தப் பதிவில் ஒருவராவது உண்டா?

தேவை எவ்வளவு என்ற கணக்கும் பெரிய கணக்கு இல்லை. டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் காரில் பூஸ்ட் ஏற்றி 300 குதிரைத்திறன் எடுப்பதாக வைத்தால் 81 கிலோ. லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 110. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிவதற்குக் குறைந்த காற்று போதும் என்பதால், அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். 110 என்பது 118 பக்கம் போய்விடும். 2022 இல் 10 சதவீதக் கலப்பு இருந்தபோது எழுதிய மேப்பை (எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணையை) வைத்துக்கொண்டு இன்றைக்கு ஓட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாதுகாப்புக்கு இன்னும் 20 சதவீதம் சேர்த்தால் 140 லிட்டர் சொச்சம். 4.5 பார் அழுத்தத்தில், உண்மையில் கிடைக்கும் வோல்டேஜில் 140 லிட்டருக்குக் குறையாமல் தருகிற பம்ப் போதும். ஒழுங்கான ஒயரிங்கோடு இருக்கும் அசல் 255 இதைச் செய்யும். தம்பியின் இன்ஜினைச் சாகடித்தது 255 என்ற எண் அல்ல.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்ப் ஊரில் பிறந்தவன். அப்பா கணபதி பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கருகிய போர்வெல் மோட்டாரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்னூர், சூலூர்ப் பக்கமிருந்து விவசாயிகள் வருவார்கள். "இன்னும் பெரிய மோட்டாராகக் கொடுங்கள்" என்பார்கள். அப்பா உடனே எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டரில் வோல்டேஜ் என்ன காட்டுகிறது, பைப் எத்தனை இன்ச், இந்த மூன்றையும் கேட்பார். பதில் தெரியாதவரை "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். வியாபாரம் கைவிட்டுப் போனாலும் அனுப்புவார். 1937 இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. பத்தாம் வகுப்புப் படிக்காத விவசாயிக்குக்கூட 300 அடியில் ஒரு பம்ப் தருவதும் 800 அடியில் தருவதும் ஒன்றல்ல என்று தெரிந்த ஊர். அதே ஊர்ப் பையன்கள், லட்சக்கணக்கில் கார் வைத்திருப்பவர்கள், பம்புக்கு அழுத்தமும் வோல்டேஜும் எதற்கு என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது.

வோல்டேஜுக்கு வருகிறேன். நண்பர் ஒருவரின் கார், இதே 1.8 டர்போ. வேகம் மேலே போகப் போக கலவை மெலிந்துகொண்டே வந்தது, அதாவது காற்றுக்கு வேண்டிய பெட்ரோல் வரவில்லை. அவரையும் இப்படித்தான் "பெரிய பம்ப் வாங்கு" என்று துரத்தினார்கள். வாங்குவதற்கு முன்னால் பின்சீட்டைத் தூக்கிப் பம்பின் இணைப்பில் மல்டிமீட்டர் ஒயரைச் சொருகி, இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தோம். பேட்டரியில் 13.9. பம்பில் 11.4. இடையில் இரண்டரை வோல்ட் பழைய ஒயரிலும், கருத்துப்போன இணைப்பிலும், துருப்பிடித்த எர்த்திலும் தொலைந்துகொண்டிருந்தது. பேட்டரியில் இருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், ஒரு நல்ல ரிலே, சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் புதிய எர்த். பழைய ஒயர் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்தது. பம்பை மாற்றவே இல்லை, கலவை சரியாகிவிட்டது. அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது.

அந்தப் பழைய ஒயரிலேயே 450 பம்பை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது அழுத்தத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரில் கால் ஓம் தடை இருந்தாலே போதும், 8 ஆம்பியரில் 2 வோல்ட் போகும், 16 ஆம்பியரில் 4 வோல்ட் போகும். பெரிய பம்பை வாங்கி, குறைந்த வோல்டேஜில் அதைத் திணறவைத்து, ஒயரையும் சூடாக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் போகும் ஒயர் அது!

"450 போட்டு நன்றாக ஓடுகிற கார்கள் இருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 500, 600 குதிரைத்திறன் எடுப்பவர்கள், 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள் ஓட்டுகிற நாடுகளில் இருப்பவர்கள் போடுகிறார்கள். அவர்கள் ஒயரையும் ரெகுலேட்டரையும் திரும்பும் குழாயையும் சேர்த்து மாற்றித்தான் போடுகிறார்கள். நம் காரில் திரும்பும் குழாய் பழைய சின்னக் குழாய். ஐட்லிங்கில் இன்ஜினுக்கு வேண்டியது மிகச் சொற்பம், மீதி முழுவதும் அந்தக் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். திரும்ப முடியாவிட்டால் அழுத்தம் 3 பாரில் நிற்காமல் ஏறும், ஐட்லிங்கில் பெட்ரோல் வழியும், மேப் எழுதுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். சுற்றிச் சுற்றி வரும் பெட்ரோல் சூடாகும். டேங்குக்குள் பம்ப் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தை, அது நிரம்பும் வேகத்தைவிட வேகமாக 450 பம்ப் காலிசெய்யும். செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு நீண்ட வளைவில் அது நடந்தால், பெட்டியில் 450 என்று எழுதியிருந்ததா 900 என்று எழுதியிருந்ததா என்பது பிஸ்டனுக்குத் தெரியாது.

நேரடி இன்ஜெக்ஷன் கார் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும் வகை) வைத்திருப்பவர்கள் இதில் குறுக்கே வர வேண்டாம். உங்கள் காரில் டேங்க் பம்ப் ஊட்டிவிடும் வேலையைத்தான் செய்கிறது, இன்ஜினின் கேம் தண்டு ஓட்டும் உயர் அழுத்தப் பம்ப் தனி. அது திணறினால் டேங்கில் எதை வைத்தாலும் மாறாது.

"மேப் தவறாக இருந்திருக்கலாமே" என்றும் ஒருவர் கேட்டார். இருந்திருக்கலாம். அதைச் சொல்ல எரிபொருள் அழுத்த லாக், அதாவது ஓடும்போது அழுத்தத்தைப் பதிவு செய்த கணக்கு வேண்டும். லாக்கே கேட்காமல் மெக்கானிக்கைத் தூக்கில் போட்டது யார்?

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. தம்பி போட்ட நான்காவது படத்தை யாராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா? டேங்கிலிருந்து வெளியே எடுத்து வைத்த பம்ப் அமைப்பு. பம்பையும் மேல் மூடியையும் இணைக்கும் கறுப்பு ஹோஸின் மேல் 30ஆர்7 என்ற எழுத்து தெரிந்தது. 30ஆர்7 வெளியே ஓடும் குழாய்க்கானது. உள்ளே பெட்ரோல் ஓடலாம், வெளியே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. மூழ்கினால் மேல்தோல் ஊறி, உப்பி, கிளாம்ப் பிடித்த இடத்தில் பிளக்கும். டேங்குக்குள் போடுவதற்கு எஸ்ஏஇ 30ஆர்10 என்று தனி ஹோஸ் இருக்கிறது. விலை கூடுதல், கடைகளில் சுலபமாகக் கிடைக்காது, அதனால் பலர் கையில் இருப்பதைப் போட்டுவிடுகிறார்கள். படத்தில் அந்த ஹோஸ் கிளாம்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தது. பிளந்த ஹோஸ் குறைந்த அழுத்தத்தில் ஒன்றும் காட்டாது. ஐட்லிங் அருமையாக இருக்கும். பூஸ்ட் ஏறி 4 பாரைத் தாண்டும்போது அந்தப் பிளவு திறந்து, பம்ப் தள்ளும் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சியடிக்கும். இன்ஜினுக்குப் போவது குறையும். கலவை மெலியும், நாக்கிங் வரும் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும்), ரிங் விளிம்பு உடையும். அந்தப் படத்தைப் பார்த்த என் சந்தேகம் இதுதான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பதிவு காணாமல் போய்விட்டது.

அந்தத் தம்பி இப்போது என்ன செய்வார்? இன்ஜினுக்குக் கடன் வாங்குவார். 450 பம்ப் வாங்குவார். அதே ஒயர், அதே வகை ஹோஸ். மறுபடியும் உடைந்தால் இந்த முறை யாரிடமும் கேட்க மாட்டார். ஏனென்றால் கேட்டால் என்ன நடக்கும் என்று நாம் அவருக்குக் காட்டிவிட்டோம்.

"எல்லாரிடமும் அசல் வாங்கப் பணம் இருக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். இல்லைதான். இங்கே சம்பளம் வாங்கி, பழைய கார் வாங்கி, ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன். பம்ப் நிறுவனமான வால்ப்ரோ பெயரில் போலி பம்ப் சந்தையில் குவிந்திருக்கிறது. போலி 450 வாங்கிப் பணத்தைத் தொலைப்பதைவிட, அந்தப் பணத்தை அசல் 255, ஒரு ரிலே, நல்ல ஒயர், சரியான ஹோஸ் வாங்கச் சேர்த்து வையுங்கள். பணம் குறைவாக இருப்பவருக்குத்தான் கணக்கு முதலில் தேவை. பணக்காரர் இன்னொரு இன்ஜின் வாங்கிக்கொள்வார்.

"நீ என்ன ட்யூனரா?" என்று கேட்டவருக்கு: இல்லை. ட்யூனர் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதும் இல்லை. மல்டிமீட்டர் பிடிக்க ட்யூனராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பல வருடமாக இந்தக் குழுவில் மூத்தவர், உங்கள் சொல்லைக் கேட்டு இளைஞர்கள் பணத்தைச் செலவழிக்கிறார்கள். அந்த இடத்தில் இருந்துகொண்டு, கேள்வி கேட்டவரின் தொழிலை விசாரிக்கிறீர்கள். கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. உங்களிடம் எனக்கு மரியாதை இருந்தது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

தம்பி இதைப் படித்தால்: அந்தப் பழைய பம்ப் அமைப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹோஸை வெட்டாமல் அப்படியே வையுங்கள். என்னிடம் அழுத்த மானியும் மல்டிமீட்டரும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன், உங்கள் மெக்கானிக்கும் கூட இருக்கட்டும்.

பின்னூட்டத்தில் "எந்தப் பம்ப் போடலாம்?" என்று கேட்கிறவர்கள் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு பூஸ்ட், ரெகுலேட்டர் எத்தனை பார், பம்பின் முனையில் எத்தனை வோல்ட் என்று சேர்த்து எழுதுங்கள். இந்த நான்கும் இல்லாமல் கேட்டால் நான் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. மற்றவர்களும் சொல்ல வேண்டாம்.